இங்கிலாந்தில் வீட்டை நீட்டிக் கட்டப் போகிறீர்களா? கவுன்சிலில் பிளானிங் அனுமதி நடக்கும் விதம்

வீடு வாங்கிச் சாவி கைக்கு வந்த மறுவாரமே பில்டரைக் கூப்பிடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர் வந்து பின்பக்கத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் பெர்மிஷன் வேண்டாம் அண்ணே, இந்த ரோட்டிலேயே நாலு வீடு செய்து கொடுத்திருக்கிறேன்" என்பார். பல நேரம் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் தப்பாகிவிட்டால் கவுன்சிலின் கடிதம் பில்டர் வீட்டுக்குப் போகாது, உங்கள் பெயருக்குத்தான் வரும். அதனால் இந்த அலுவல் உள்ளே எப்படி ஓடுகிறது என்று நீங்களே தெரிந்துவைத்திருப்பது நல்லது. இனிச் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி விதிகள் உண்டு, அங்கே இருப்பவர்கள் இந்த அளவுகளை நம்பி மண் தோண்டிவிட வேண்டாம்.

முதலில், யாரிடம் போக வேண்டும்?

லண்டனில் என்றால் உங்கள் பரோ கவுன்சில். வெளியூரில் ஒரே கவுன்சில் எல்லாவற்றையும் பார்க்கிற இடங்களும் உண்டு, டிஸ்ட்ரிக்ட் என்றும் கவுன்டி என்றும் இரண்டாகப் பிரிந்திருக்கிற இடங்களும் உண்டு. இரண்டு இருந்தால் வீட்டு வேலைக்கு டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்தான், கவுன்டி பார்ப்பது கல் குவாரி, கழிவு நிலையம் போன்றவற்றை. தேசியப் பூங்காவுக்குள் வீடு இருந்தால் பூங்காவின் நிர்வாகமே அனுமதி கொடுக்கும். கிராமத்துப் பாரிஷ் கவுன்சிலுக்குக் கருத்துச் சொல்ல மட்டுமே உரிமை, முடிவு அவர்கள் கையில் இல்லை.

கவுன்சில் எதை வைத்து முடிவெடுக்கிறது

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், பிறகு "பக்கத்து வீட்டு வெள்ளைக்காரருக்குக் கொடுத்தார்கள், எனக்கு ஏன் இல்லை" என்று நிற்கிறார்கள். எனவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நிலம் உங்களுடையதாக இருந்தாலும் அதில் கட்டுவதற்கான உரிமை அரசின் அனுமதிக்கு உட்பட்டது என்பது 1947ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தோடு வந்த ஏற்பாடு. அது நடைமுறைக்கு வந்தது 1948 ஜூலை 1ஆம் தேதி. இந்தத் தேதியை மறக்காதீர்கள், பின்னால் திரும்ப வரும். இப்போது நடைமுறையில் இருக்கும் தலைமைச் சட்டம் 1990ஆம் ஆண்டினுடையது. அதற்குப் பின் 2004இல் வந்த சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, 38(6) என்பார்கள். அனுமதி விண்ணப்பத்தைக் கவுன்சிலின் வளர்ச்சித் திட்டப்படிதான் தீர்மானிக்க வேண்டும், விலக வேண்டுமானால் அதற்குத் தக்க காரணம் வேண்டும் என்பது அதன் சாரம். நீங்கள் நல்லவரா, வீட்டில் எத்தனை பிள்ளைகள், எத்தனை வருடமாக வரி கட்டுகிறீர்கள் என்பதெல்லாம் அநேகமாக எடுபடாது. அதிகாரியின் மேசையில் ஒரு கொள்கைப் புத்தகம் இருக்கிறது, அவர் உங்கள் வரைபடத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

அந்தப் புத்தகத்தின், அதாவது வளர்ச்சித் திட்டத்தின், முக்கியப் பகுதி லோக்கல் பிளான். எங்கே வீடு வரலாம், எங்கே கடைத்தெரு, எந்த வயல்வெளியைத் தொடக் கூடாது, புதுக் கட்டடம் எத்தனை மாடி போகலாம், இப்படி எல்லாம் அதில் இருக்கும். கவுன்சில் ஒரு வரைவை எழுதி மக்களிடம் கருத்துக் கேட்கும், திருத்தும், இறுதி வடிவத்தைக் கருத்துக்காக இன்னொரு முறை வெளியிடும், அப்புறம் கவுன்சிலுக்கு வெளியே இருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்து பகிரங்க விசாரணை நடத்துவார். அதைத் தாண்டினால்தான் கவுன்சில் அதை ஏற்றுக்கொள்ள முடியும். எல்லாம் முடிய வருடக்கணக்கில் ஆகும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை அது இன்னும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியதும் கடமை. லண்டனில் இருப்பவர்களுக்கு மேயரின் லண்டன் பிளானும் சேர்ந்தே செல்லும், இப்போதுள்ளது 2021இல் வந்தது. 2011ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஊர்க்காரர்களே சேர்ந்து நெய்பர்ஹுட் பிளான் எழுதலாம், உள்ளூர் வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தால் அதுவும் வளர்ச்சித் திட்டத்தின் ஒரு பகுதி ஆகிவிடும்.

இவற்றுக்கு மேல் மத்திய அரசின் தேசியக் கொள்கைச் சட்டகம் இருக்கிறது. 2012இல் முதலில் வந்தது, பல முறை திருத்தப்பட்டது, 2024 டிசம்பரில் ஒரு பெரிய திருத்தம் வந்து வீட்டு எண்ணிக்கை இலக்கு கவுன்சில்களுக்குத் திரும்பவும் கட்டாயம் ஆனது. உங்கள் அடுப்படி எக்ஸ்டென்ஷனுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை. ஆனால் உங்கள் தெருமுனையில் இருக்கிற வெற்று நிலத்தில் 80 ஃபிளாட் வருகிறது என்றால் நிறையச் சம்பந்தம் உண்டு. அடுத்த ஐந்து ஆண்டுக்குப் போதுமான வீட்டு நிலத்தைக் காட்ட முடியாத கவுன்சிலில் தராசு விண்ணப்பதாரர் பக்கம் சாய்ந்துவிடும், லோக்கல் பிளான் "கூடாது" என்று சொன்னாலும் அனுமதி கிடைக்க வாய்ப்பு ஏறிவிடும். தெருவே சேர்ந்து எதிர்த்தும் கட்டடம் எழும்பிய பல இடங்களில் உள்ளே நடந்த கணக்கு இதுதான். லோக்கல் பிளான் வரைவாக இருக்கும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, கிரேன் வந்து நின்ற பிறகு கூட்டம் போடுகிறோம். உங்கள் கருத்துக்கு நிஜமான எடை இருப்பது வரைவுக் காலத்தில்தான், குறைந்தது ஆறு வாரமாவது கருத்துக் கேட்பார்கள்.

லோக்கல் பிளானோடு கூடவே எக்ஸ்டென்ஷன் வடிவமைப்புக் கையேடு ஒன்றையும் பெரும்பாலான கவுன்சில்கள் வைத்திருக்கின்றன. பக்கத்து வீட்டு ஜன்னலின் நடுவிலிருந்து 45 பாகையில் ஒரு கோடு போட்டால் உங்கள் சுவர் அதை வெட்டக் கூடாது, எதிரெதிர் ஜன்னல்களுக்கு இடையே இவ்வளவு மீட்டர் வேண்டும் என்கிற மாதிரி. 300 பக்கத் திட்டத்தைப் படிக்கப் பொறுமை இல்லாவிட்டால் இந்தக் கையேட்டையாவது படியுங்கள். உங்கள் ஆர்க்கிடெக்டும் படித்திருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள்.

உங்களுக்கு அனுமதி தேவைதானா?

வீட்டு உரிமையாளர் அனுமதி கேட்காமலே செய்யக்கூடிய வேலைகளைப் பெர்மிட்டட் டெவலப்மென்ட் என்பார்கள். தேசிய அளவில் ஒரே விதிதான், 2015ஆம் ஆண்டு ஆணையில் இருக்கிறது. ஃபிளாட்டுக்கு இந்த எக்ஸ்டென்ஷன் உரிமைகள் கிடையாது, வீட்டுக்கு மட்டும்தான்.

பின்பக்கம் ஒரு மாடி எக்ஸ்டென்ஷன் என்றால் ஒட்டு வீட்டுக்கு 3 மீட்டர், தனி வீட்டுக்கு 4 மீட்டர் வரை வெளியே நீட்டலாம். உயரம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது, எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் இருந்தால் கூரை விளிம்பு 3 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இன்னும் பெரிதாக, ஒட்டு வீட்டில் 6, தனி வீட்டில் 8 மீட்டர் வரை போகலாம், ஆனால் அதற்கு முன்கூட்டியே கவுன்சிலுக்கு அறிவித்து ஒப்புதல் பெற வேண்டும். அவர்கள் பக்கத்து வீடுகளுக்கு எழுதி 21 நாள் கொடுப்பார்கள், யாரும் எதிர்க்காவிட்டால் வேலை லேசாக முடியும், எதிர்த்தால் அந்த வீட்டுக்கு என்ன பாதிப்பு என்று பார்ப்பார்கள். மொத்தம் 42 நாளுக்குள் பதில். பழைய தோற்றத்தைக் காப்பதற்காக ஒதுக்கிய கன்சர்வேஷன் பகுதியில் இந்தப் பெரிய அளவு இல்லை. கூரைக்குள் அறை எடுக்கும் லாஃப்ட் வேலை என்றால் வரிசை வீட்டுக்கு 40 கன மீட்டர் வரை கூட்டலாம், செமிக்கும் (இரண்டு வீடாக ஒட்டி நிற்பது) தனி வீட்டுக்கும் 50. தெருவைப் பார்த்த கூரைச் சரிவில் டார்மர், அதாவது கூரையிலிருந்து துருத்தி நிற்கும் ஜன்னல், வைக்க முடியாது.

அந்த 1948 தேதி இங்கேதான் வருகிறது. எல்லா அளவும் "மூல வீட்டிலிருந்து" எடுக்கப்படுகிறது. மூல வீடு என்றால் 1948 ஜூலை 1இல் நின்றபடி, அதற்குப் பின் கட்டியதானால் முதலில் கட்டி முடித்தபடி. உங்களுக்கு விற்றவரோ அவருக்கு முந்தியவரோ ஏற்கனவே 3 மீட்டர் நீட்டியிருந்தால் உங்கள் பங்கு தீர்ந்துவிட்டது. வாங்கின நாளில் இருந்தபடி அளந்துகொண்டு ஆரம்பிப்பது நம்மவர்கள் அடிக்கடி செய்கிற தப்பு.

இன்னும் சில பொறிகள். கவுன்சில் சில தெருக்களில் ஆர்ட்டிகிள் 4 என்ற உத்தரவால் இந்த உரிமைகளைப் பறித்து வைத்திருக்கும். புதிய எஸ்டேட் வீடுகளில் மூல அனுமதியின் நிபந்தனையாகவே பறித்திருக்கலாம். வரலாற்றுச் சிறப்புக்காக அரசின் பட்டியலில் சேர்த்த லிஸ்டட் கட்டடம் என்றால் உள்ளே ஒரு பழைய கதவை எடுப்பதற்குக்கூடத் தனி ஒப்புதல் தேவைப்படலாம், கேட்காமல் செய்தால் அது கிரிமினல் குற்றம். முன்வளவில் கார் நிறுத்தத் தண்ணீர் இறங்காத கல் பதிப்பது 5 சதுர மீட்டரைத் தாண்டினால், அந்தத் தண்ணீர் உங்கள் வளவிலேயே மண்ணுக்குள் இறங்க வழி செய்யாவிட்டால், அனுமதி தேவை. நடைபாதை விளிம்பைத் தாழ்த்துவதற்கு வேறு பிரிவில் வேறு விண்ணப்பம். தோட்டத்துக் கொட்டில் எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் என்றால் 2.5 மீட்டர் உயரம்வரை கட்டலாம், ஆனால் அதில் கட்டில் போட்டு, அடுப்பும் வைத்து வாடகைக்கு விட்டால் அது கொட்டில் இல்லை, அனுமதியில்லாத வீடு. மேலே இருந்து எடுத்த படங்களையும் கவுன்சில்கள் பார்க்கின்றன, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லாவிட்டாலும் தெரிந்துவிடும்.

பயன்பாட்டை மாற்றுவதும் கட்டுவதைப் போலத்தான். வீட்டில் சாமி அறை வைப்பது உங்கள் இஷ்டம், வெள்ளிக்கிழமைதோறும் அறுபது பேர் கூடி தெரு முழுக்கக் கார் நின்றால் அது வழிபாட்டிடம் என்று கவுன்சில் சொல்லக்கூடும். கடையை அலுவலகமாகவோ உட்கார்ந்து சாப்பிடும் உணவகமாகவோ மாற்றுவது 2020 செப்டம்பரிலிருந்து ஒரே வகுப்புக்குள் வருகிறது, சாதாரணமாக அனுமதி வேண்டியதில்லை. ஆனால் டேக்அவேயாகவோ கோயில் மண்டபமாகவோ மாற்ற வேண்டும் என்றால் விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும்.

சரி, அனுமதி தேவையில்லை என்று தெரிந்துவிட்டது. அப்போதும் ஒரு காரியம் செய்யுங்கள்: சட்டபூர்வச் சான்றிதழ் ஒன்றை வாங்கி வையுங்கள், லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிபிகேட் என்பார்கள். முழு விண்ணப்பக் கட்டணத்தில் பாதிதான். பில்டரின் வாய்வார்த்தையை வீடு விற்கும் நாளில் வாங்குபவரின் சொலிசிட்டரிடம் நீட்ட முடியாது.

விண்ணப்பம் போடுவது

பிளானிங் போர்ட்டல் என்ற தளத்தில் போடலாம். வீட்டு விண்ணப்பத்துக்கு 2025 ஏப்ரல் 1இல் கட்டணம் 528 பவுண்ட் ஆனது, அதற்கு முதல் நாள்வரை 258 ஆக இருந்தது, அதன் பிறகு ஒவ்வோர் ஏப்ரலும் ஏறும் என்பதால் இப்போதைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். போர்ட்டல் தன் சேவைக் கட்டணத்தையும் மேலே போடும். முன்பெல்லாம் மறுக்கப்பட்டால் ஒரு வருடத்துக்குள் இன்னொரு தடவை இலவசமாகப் போடலாம், அந்தச் சலுகை 2023 டிசம்பரில் போய்விட்டது. ஆகவே "போட்டுப் பார்ப்போம், மறுத்தால் மாற்றுவோம்" என்ற பழைய தந்திரம் இப்போது கையைக் கடிக்கும். கொஞ்சம் சிக்கலான வேலை என்றால் முன்னாலோசனைக்குப் பணம் கட்டி அதிகாரியின் அபிப்பிராயத்தை எழுத்தில் வாங்குங்கள். அது கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எங்கே இடிக்கும் என்று தெரிந்துவிடும்.

தேவையான காகிதங்கள்: 1:1250 அளவில் இடவரைபடம், உங்கள் நிலத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு, அதைவிடக் கிட்டப் பார்க்கிற பிளாக் பிளான், இப்போது இருக்கிற வீடும் வரப்போகிற வீடும் எல்லாப் பக்கத்திலிருந்தும். அப்புறம் உடைமைச் சான்று. நிலம் முழுக்க உங்களுடையது என்றால் ஏ சான்று. அத்திவாரமோ தண்ணீர்ப் பீலியோ ஒரு அங்குலம் பக்கத்து வளவுக்குள் போனாலும் பி சான்று, அவர்களுக்கு நோட்டீஸும் கொடுக்க வேண்டும். என் முதல் விண்ணப்பத்தில் இதைத்தான் கோட்டைவிட்டேன், பீலி எல்லையைத் தாண்டித் தொங்குவது வரைபடத்தில் பளிச்சென்று தெரிந்தது, நான் ஏ போட்டிருந்தேன், திருப்பிவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான், ஆனாலும் மூன்று வாரம் போனது போனதுதான்.

காகிதம் சரியாக இருந்தால்தான் விண்ணப்பம் "செல்லும்" என்று பதிவாகும், கடிகாரமும் அப்போதுதான் ஓட ஆரம்பிக்கும். வீட்டு வேலைக்கு 8 வாரம், பெரிய திட்டங்களுக்கு 13 வாரம். நேரம் போதாமல் "இன்னும் இரண்டு வாரம் நீட்டச் சம்மதமா" என்று அதிகாரி கேட்பார். கோபப்பட்டு மறுத்தால் பெரும்பாலும் நடப்பது, இருக்கிற வரைபடத்தை வைத்து மறுப்பு. திருத்த இடம் கொடுக்கிறார் என்றால் சம்மதித்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்

கவுன்சில் பக்கத்து வீடுகளுக்குக் கடிதம் போடும் அல்லது விளக்குக் கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டும், கருத்துச் சொல்ல 21 நாள். நோட்டீஸ் பார்த்து அவர்களுக்குத் தெரியவருவதைவிட நீங்களே முதலில் கதவைத் தட்டி வரைபடத்தைக் காட்டுவது எவ்வளவோ மேல். எதிர்ப்பில் பாதி கட்டடத்தைப் பற்றியதாக இருக்காது, தன்னைக் கேட்கவில்லை என்ற மனக்குறையாகத்தான் இருக்கும்.

நீங்களே எதிர்க்கிற பக்கத்தில் இருந்தால், எது எடுபடும் என்று தெரிந்து எழுதுங்கள். வெளிச்சம் மறைவது, அறைக்குள் பார்வை விழுவது, போக்குவரத்து, பார்க்கிங், சத்தம், தெருவின் தோற்றம் கெடுவது, இவையெல்லாம் எடுபடும். வீட்டு விலை விழும், தூரத்துக் குன்று மறையும், எங்கள் கடைக்குப் போட்டி வரும், அவர் நல்ல மனுசன் இல்லை, இவற்றில் ஒன்றும் எடுபடாது. நூறு பேர் ஒரே கடிதத்தைக் கையெழுத்திட்டு அனுப்புவதைவிட, கொள்கை எண்ணைச் சொல்லி "இந்தச் சுவர் என் சமையலறை ஜன்னலுக்கு 45 பாகைக் கோட்டை வெட்டுகிறது" என்று ஒருவர் எழுதுவது அதிக வேலை செய்யும். நீங்கள் எழுதுவது பொதுவில் தெரியும் என்பதையும் நினைவில் வைத்து எழுதுங்கள்.

முடிவு எடுப்பது யார்?

பெரும்பாலான வீட்டு விண்ணப்பங்களைக் கேஸ் ஆபீசர் வந்து பார்த்து அறிக்கை எழுதி, மேலதிகாரி கையெழுத்திட்டு அங்கேயே முடித்துவிடுவார்கள். பெரியவையும் சர்ச்சைக்குரியவையும் மட்டும் கவுன்சிலர்கள் உட்காரும் கமிட்டிக்குப் போகும். உங்கள் பகுதிக் கவுன்சிலர் கேட்டுக்கொண்டால் சின்ன விண்ணப்பத்தையும் கமிட்டிக்கு இழுக்க முடியும், கேட்பதற்கான கெடு ஒவ்வொரு கவுன்சிலிலும் வேறு. கமிட்டியில் பேச விரும்பினால் முன்கூட்டிப் பதிய வேண்டும், பல இடங்களில் மூன்று நிமிடம்தான். அதில் ஒரு நிமிடத்தை நன்றி சொல்லியே தீர்த்துவிடாதீர்கள். கமிட்டியில் இருக்கிற கவுன்சிலரைத் தெரியும் என்று அவரிடம் முன்கூட்டியே வாக்குக் கேட்பது இன்னொரு வீண்வேலை. கூட்டத்துக்கு முன்பே மனதை முடிவு செய்துவிட்டதாகத் தெரிந்தால் அவர் அந்த வாக்கெடுப்பிலிருந்து விலக வேண்டியதாகிவிடும், உங்களுக்கு ஒரு வாக்குப் போனது மிச்சம்.

அனுமதி கிடைத்தால் கடிதத்தின் நிபந்தனைகளைப் படியுங்கள். "வேலை தொடங்குமுன்" என்று ஆரம்பிக்கிற நிபந்தனை இருந்தால் அதை எழுத்தில் தீர்க்காமல் மண்வெட்டியைத் தொடக் கூடாது. சாதாரணமாக மூன்று ஆண்டுக்குள் வேலை தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி காலாவதி.

மறுத்தால் முதலில் அதிகாரியின் அறிக்கையைப் படியுங்கள், எந்தக் கொள்கையில் இடித்தது என்று அதில் இருக்கும். திருத்திப் போடுவது பெரும்பாலும் சுருக்கு வழி. கொள்கையைத் தப்பாகப் பொருத்திவிட்டார்கள் என்று நிஜமாகவே நினைத்தால் மத்திய அரசின் பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்கு மேல்முறையீடு செய்யலாம், வீட்டு விண்ணப்பத்துக்கு 12 வாரம் கெடு, கட்டணம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்த மேல்முறையீட்டு உரிமை கிடையாது. உங்களுக்கு அனுமதி கொடுத்ததை அவர் எதிர்க்க வேண்டுமானால் ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அதுவும் கட்டடம் பிடிக்கவில்லை என்பதற்காகப் போக முடியாது, சட்டத் தவறைக் காட்ட வேண்டும்.

கேட்காமல் கட்டிவிட்டால்

"நாலு வருசம் தாண்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய கதை. 2024 ஏப்ரல் 25க்கு முன் கட்டி முடித்தவற்றுக்குத்தான் அந்த நாலு வருடக் கணக்கு, அதற்குப் பிறகானவற்றுக்குப் பத்து வருடம். மறைத்து வைத்தால் அந்தக் கணக்கும் உங்களைக் காப்பாற்றாது. சரேயில் ஒரு விவசாயி வைக்கோல் கட்டுகளை அடுக்கி அவற்றுக்குப் பின்னால் கோட்டை மாதிரி வீடு கட்டி, நாலு வருடம் குடும்பத்தோடு ஒளிந்து வாழ்ந்து, 2006இல் வைக்கோலை விலக்கினார். வழக்கு நீதிமன்றங்களில் இழுத்தடித்து, கடைசியில் 2016இல் வீட்டை இடிக்க வேண்டியதாயிற்று.

ஏற்கனவே கட்டியாகிவிட்டது, கடிதமும் வந்துவிட்டது என்றால் அதைத் தூக்கி மூலையில் போடாதீர்கள். முதல் கடிதம் பெரும்பாலும் விசாரிப்புத்தான். பின்னோக்கிய அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், கொள்கைக்கு ஒத்துவந்தால் கொடுப்பார்கள்.

இன்னும் இரண்டு வேலை தனியாக இருக்கின்றன, பிளானிங் கிடைத்தால் எல்லாம் கிடைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். கட்டடத்தின் உறுதி, தீப் பாதுகாப்பு, வடிகால் எல்லாம் பில்டிங் ரெகுலேஷன் பக்கம், அதற்கு வேறு இன்ஸ்பெக்டர், வேறு கட்டணம். பொதுச்சுவரைத் தொட்டாலோ, பக்கத்துக் கட்டடத்துக்கு 3 மீட்டருக்குள் அதன் அத்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினாலோ 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி அவர்களுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இதில் கவுன்சில் தலையிடாது, உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான அலுவல்.

வேலை முடிந்ததும் பில்டிங் கன்ட்ரோலிடமிருந்து நிறைவுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் சில இடங்களில் அது அப்படியே கிடக்கும். பில்டரின் கடைசித் தவணையை அது கைக்கு வரும்வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.